தும்மல்

நதி ஒரு தாளில், காடு இன்னொரு தாளில்.
பயணத்திட்டத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
இரண்டையும் சேர்த்துக் குத்திய பின் நான்:
பெயர் செக்கிட்டோ,
பதின்மூன்று மணி நேரச் சாலை.

ஜிஞ்சாவில் எனக்கு வேலை துண்டு பிடிப்பது.
நைல் ஒருவரை என்ன செய்தது என்று
கரையில் நின்றபடியே படித்துவிடுவேன்.
ஒற்றைச் செருப்போடு வருபவர் கவிழ்ந்தவர்.
பேசிக்கொண்டே வருபவர் பயந்தவர்.
பேசாமல் வந்து புல்லில் உட்கார்பவர்
நதியின் அடியைப் பார்த்தவர்.

மாரைக்கே பேசவில்லை.
டென்யுவாதான் சொன்னான், துடுப்பைத் தோளில் சாய்த்து:
"ஏழு எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டாள்."
அவன் எப்போதும் ஏழுதான் சொல்வான்.
படகுக் கயிற்றை விடவே விடாத தங்கை வீட்ஸ்கே
மூன்று பேருக்குச் சேர்த்துப் பேசினாள்.

இதைவிடப் பெரிய அருவி ஒன்று இருந்தது இங்கே.
இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில்.
அதன் பெயரைச் சொன்னால்
பழைய படகோட்டிகள் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள்,
கடன் வாங்கி ஓடியவன் பெயரைக் கேட்டதுபோல.

பிறகு சாலை.
நிலநடுக்கோட்டில் இறங்கி
பக்கத்துக்கு ஒரு கால் வைத்துப் படம்.
ம்பராராவில் முட்டை சுருட்டிய சப்பாத்தி;
எங்கள் ஊரில் இதற்கு ரோலெக்ஸ் என்று பெயர் என்றதும்
மணிக்கட்டைக் காட்டிச் சிரித்தார்கள்.
கொம்பு நீண்ட மாடுகள் கடக்கும்வரை
என்ஜினை அணைத்தேன்.
அந்த அமைதியில்தான் கேட்டது
முதல் தும்மல்.

"நைல்தான்," என்றாள் மாரைக்கே.
"மூக்கிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது."
கபாலே மலைவளைவுகளில்
பதினாலு வரை எண்ணினேன்.

ப்விண்டியில் காலை ஏழரை.
மேகம் தேயிலைச் செடிகளை விட்டு இன்னும் எழவில்லை.
வனக்காவலர் கியோமுஹங்கி விதிகளை வாசித்தாள்:
பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள்.
ஒரு மணி நேரம்தான்.
காய்ச்சல், இருமல், சளி உள்ளவர்கள்...
வாக்கியம் முடியும் முன்பே
பதினைந்தாவது வந்துவிட்டது.

"நம் சளி அவற்றுக்கும் ஒட்டும்.
உள்ளே ஒரு குட்டி, பிறந்து மூன்று வாரம்."
திட்டுவதுபோல இல்லை,
செருப்பைக் கழற்றி வரச் சொல்லும் வீட்டுக்காரிபோலச் சொன்னாள்.

கூலி பேசி வந்த நின்சீமா என்னைப் பார்த்தாள்.
மாரைக்கே காசை அவள் கையில் வைத்தாள்:
"தங்கையின் பையையும் தூக்குங்கள்.
நன்றாக வழுக்கி விழுவாள்."
வீட்ஸ்கே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
ஆனாலும் போனாள்.

வேனில் இப்போது இரண்டு பேர்.
பிளாஸ்கில் இஞ்சி தட்டிய தேநீர்.
"நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?"
ஒன்பது வருடம், ஒருமுறையும் இல்லை, என்றேன்.
உள்ளூர்க்காரருக்குச் சீட்டு மலிவுதான்.
ஆனால் அந்த மலிவில்
என் மகள் நாகிமுலியின் ஒரு பருவப் பள்ளிக்கட்டணம் இருக்கிறது.
நதியிலும் இறங்கியதில்லை.
நீச்சல் தெரியாது.

சிரிக்கப் போனாள்; தும்மலாக வந்தது.

கொரில்லாவை எனக்குக் கால்களில் தெரியும், என்றேன்.
பூட்ஸில் ஒட்டி வரும் வாடை,
காஞ்சொறி கீறிய கணுக்கால்.
பார்த்துவிட்டு வருபவர்கள் இரண்டு மணி நேரம்
வேனில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள்,
பின்சீட்டில் யாரோ தூங்குவதுபோல.

அப்போது மேலே, மேகத்துக்குள் எங்கோ,
வெற்றுப் பானையைக் கையால் தட்டுவதுபோல
நான்கைந்து சத்தம்.
மார்பா, யாரோ மரம் வெட்டுகிறார்களா,
கியோமுஹங்கியின் ஆட்களிடம் கேட்டிருக்கலாம்.
கேட்க வேண்டாம் என்று
இருவரும் பேசாமலே முடிவு செய்தோம்.
அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
நான் எண்ணவில்லை.

மதியம் தாண்டி இறங்கி வந்தாள் வீட்ஸ்கே.
முழங்கால்வரை சேறு.
கேமரா கழுத்தில் உறையோடு தொங்கியது.
ஒரு வார்த்தை இல்லை.
அக்காவைத் தாண்டி நடந்து
புல்லில் உட்கார்ந்தாள்.

நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.