இரண்டாவது சத்தம்

கடைசியில் திரை இருண்டது.
ஒரே ஒரு வெடி. அப்புறம் பெயர்கள் ஓடின.
யார் கையில் துப்பாக்கி என்று காட்டவில்லை.

திருப்பூரில் ராத்திரி ஒன்றரை மணி பேக்கரி.
தேங்காய் பன்னைப் பிய்த்தபடி ஆரம்பித்தோம்.
தன்னையே சுட்டுக்கொண்டான் என்றார் நல்லசிவம்.
செக்கிங்கில் ஒரு தையல் விட்டாலும் பிடிக்கிற வசந்தாமணி
அவளைத்தான் என்றாள்:
"இருட்டாகறக்கு முன்ன
வளையல் குலுங்குச்சு, கேக்கலீங்களா?"
நான் இன்ஸ்பெக்டர் பக்கம்.
டீ ஆறியும் யாரும் இறங்கி வரவில்லை.

சென்னியப்பன் மட்டும் முடிவைப் பார்க்காதவன்.
கூட்டத்துக்கு முந்தி வண்டி எடுக்கணுமென்று
பாதியில் எழுந்து போய்
ஸ்டேண்டுச் சுவரோரம் நின்றவன்.
"ரெண்டு வெடிங்க" என்றான்.

ஒன்றுதான் என்றோம் மூவரும்.

"ரெண்டு. மொதோ வெடி செவுத்துக்குள்ள.
அடுத்தது அக்கட்ட,
நொய்யல் பக்கம்."

சிரிக்க ஆரம்பித்த நல்லசிவம் முடிக்கவில்லை.
கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.
வசந்தாமணி சில்லறையை மறுபடி எண்ணினாள்.

மூன்று நாளாகப் பேப்பரில்
நூல் விலையும் சாயப்பட்டறை வழக்கும்தான்.
படத்தைப் பற்றி நாங்கள் இப்போது பேசுவதில்லை.
ஷிப்ட் முடிந்தால் மட்டும்
பாலத்தைத் தொடாமல்
சுற்றிப் போகிறோம்,
நாலு பேரும்,
ஒருவருக்கொருவர் சொல்லாமலே.