மைதா பழகிய கை

பத்தொன்பது வருஷம்
காவேரிப்பட்டணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
பழ பிஸ்கட் போட்டவன் நான்.
அதில் பழம் என்று இருந்தது
சிவப்பும் பச்சையும் சாயம் குடித்த
பப்பாளிக்காய்த் துணுக்கு.
யாரும் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆடி மாசம் ஆஸ்பத்திரிச் சீட்டில்
என் பெயருக்குப் பக்கத்தில்
இருநூற்றுப் பதினாறு. வெறும் வயிற்றில்.
என்ன வேலை என்று கேட்ட நர்ஸ்
பதிலைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
வேறென்ன செய்ய.

கடைக்குச் செவ்வாய் லீவு.
வீட்டில் ஒரு குட்டி மின்னடுப்பு,
கேக் போட்டு விற்கலாமென்று
முனிரத்னா குழுக் கடனில் வாங்கியது.
மூன்று தவணை பாக்கி.
அதன் மேல் இதுவரை
இஸ்திரி போட்ட துணிகள்தான் இருந்தன.

கேழ்வரகு மாவில் கையை விட்டதும் தெரிந்துவிட்டது,
இது வேறு ஊர்.
மைதா சொன்னபடி கேட்கும்.
இழுத்தால் வரும், மடித்தால் மடியும்,
முதலாளி தலை தெரிந்ததும்
பீடியை அணைக்கிற ஆள் மாதிரி.
கேழ்வரகு பிடித்தால் பிடிக்கு நிற்கும்.
விட்டால்
தன் பாட்டுக்குப் போய்விடும்.

முதல் செவ்வாய், கல்.
தெருநாய் முகர்ந்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தது.
அடுத்த செவ்வாய், தட்டிலேயே தூள்.
ஸ்பூன் போட்டுத் தின்றோம்.
"பிஸ்கட்டுன்னு சொல்லாம குடுத்திருந்தா
நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேம்பா"
என்றாள் சின்னவள்.

அந்த வாரம்தான்
ஜூஸ் பேக்டரி வாசலில்
இரண்டு ராத்திரி டிராக்டரோடு நின்று
விலை படியாமல் திரும்பிய மச்சான்
ஒரு மூட்டை பெங்களூரா இறக்கிவிட்டுப் போனான்.
காசைப் பற்றி அவன் பேசவில்லை.
நாங்களும் பேசவில்லை.
கூழாக்கி, சுண்டக் காய்ச்சி,
தட்டில் தடவி,
மாடியில் பழைய வாயில் புடவை போர்த்தி
நாலு நாள் காயவைத்தாள் முனிரத்னா.
ஐந்தாம் நாள் உரித்தபோது
வெளிச்சம் அதன் வழியே வந்தது.

"இதுவும் சக்கரைதானே?"
ஆமாம்.
அதனால்தான் கத்தரிக்கோலால் வெட்டினேன்,
ஒரு பிஸ்கட்டுக்கு
ஒரு நகக்கண் அளவு.
மேல்வீட்டு ஜபீன் கொடுத்தது
நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சை, ஆறே ஆறு.
மாவை இந்தத் தடவை
வாசம் எழும்பும்வரை வறுத்தேன்.
கால் பங்கு முழுக்கோதுமை. உமி சலிக்கவில்லை.
டால்டா இருக்கவேண்டிய இடத்தில்
எண்ணெய் விடும்வரை இடித்த நிலக்கடலை.
கை அப்போதும்
மூலையில் வைத்த மைதா டப்பாவையே தேடியது.
விரலில் அடித்தேன், என் விரலில் நானே.

பதினோராவது நிமிஷம்
கரண்ட் போனது.
கடையில் என்றால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.
அடுப்புக் கண்ணாடிக்குள் ஒரே இருட்டு.
கதவைத் திறக்காமல்
தரையில் உட்கார்ந்திருந்தேன்.
மிச்சச் சூடு
தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து
எடுத்து உடைத்தேன்.
டக்.
அந்தச் சத்தத்துக்கு
பக்கத்து அறையிலிருந்து சின்னவள் வந்தாள்.
ஒன்றைத் தின்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பதினோரு மணி டீக்கு
சட்டைப்பையிலிருந்து இரண்டை எடுத்தேன்.
பின்னால் தட்டுத் தட்டாக ஆறிக்கொண்டிருந்தது
சிவப்பு பச்சை.
"என்னய்யா கருப்பா, கருகினதா?" என்றார் முதலாளி.
பாதியைக் கொடுத்தேன்.
மென்றார். நின்றார். பல்லில் ஒட்டிய ஏட்டை
நாக்கால் தேடினார்.
"இது விக்காது" என்றார்.
மீதிப் பாதிக்கும்
கை நீட்டினார்.

இன்று காலை ஊசி குத்திப் பார்த்தேன்.
நூற்றெண்பத்தேழு.
மாத்திரையின் வேலையாக இருக்கும்.
காலண்டரில் எண்ணை எழுதி
அதே பேனாவால் பக்கத்தில் எழுதினேன்:
பால் இரண்டு ஸ்பூன் கூட.
உப்பு ஒரு சிட்டிகை.
கரண்ட் போகாவிட்டாலும்
பதினோரு நிமிஷத்தில் அணைத்துவிடவும்.