உள்ளே விட்ட துணி

என் கைப்பையில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப் இருக்கும்.
முப்பதாவது இஞ்சில் அச்சு அழிந்துவிட்டது.
அங்கே நகத்தை வைத்து
உத்தேசமாகத் தொடர்வேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
விடுதிச் சுவரோடு தன்சிகாவை நிற்கவைத்து
தோளிலிருந்து முட்டி, மார்பு, கைநீளம்
எல்லாம் எழுதிக்கொள்வேன்.
"போன மாசந்தானே எடுத்தீங்க மிஸ்"
என்று நெளிவாள்.
போன மாதம் நீ கால் இஞ்ச் குட்டை என்றால்
நம்பமாட்டாள்.

சீட்டு புழலுக்குப் போகும்.
தையல் கூடத்தில் நாலாவது மிஷின் அஞ்சலாட்சியுடையது.
பகலெல்லாம் யார் யார் பிள்ளைகளுக்கோ
சீருடை, காலர், காஜா.
சொந்த மகளுக்குத் தைப்பது வருடத்துக்கு ஒரு கவுன்தான்.
அளவு மட்டும் மாதாமாதம் வேண்டும் அவளுக்கு.

பிடித்தம் போக இந்த மாதக் கூலி
எழுநூற்றுப் பத்து.
கைநாட்டு வைத்தவள் இப்போது கையெழுத்துப் போடுகிறாள்.
'ட்' மேல் வைக்கிற புள்ளி மட்டும்
வரிசையை விட்டு எங்கோ தள்ளி நிற்கும்.
அதில் நூறு ரூபாய் மூத்த பையனுக்கு.
அவன் மனு பார்க்க வருவதில்லை.
பணத்தையும் வாங்குவதில்லை.
கணக்கு நோட்டில் அவன் பெயருக்கு நேரே
நூறுகள் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

மஞ்சப்பைகள் தனி. அவற்றை விற்பது என் வேலை.
பெரம்பூர் மளிகைக்கடை அண்ணாச்சி
பையை இழுத்துப் பார்த்தார், தையலைக் கிள்ளிப் பார்த்தார்.
"எங்கம்மா தைக்கிறீங்க?"
"பொம்பளைங்க தைக்கிறாங்க அண்ணாச்சி."
அது பதிலில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
பைக்கு ஒரு ரூபாய் குறைத்தார்.
இருநூறு பை.
எத்தனை நோட்டுப்புத்தகம் என்று வகுத்துப் பார்க்காமலிருக்க
கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன்.

மனு நாளில், செங்குன்றம் பஸ்ஸில்,
கண்டக்டர் கத்துவார்:
"ஜெயிலு, ஜெயிலெல்லாம் எறங்கு."
பாதி பஸ் திரும்பிப் பார்க்கும்.
தன்சிகா ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.
நான் கைபேசியைத் துழாவுவேன்.
காவாங்கரையில் இறங்கி
வந்த வழியே திரும்பி நடப்போம்.
இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

வலைக்கு அந்தப் பக்கம்
அஞ்சலாட்சி முதலில் பார்ப்பது மகளையல்ல, கவுனை.
"முட்டிக்குக் கீழ எறங்கிக் கீது.
இன்னாக்கா அளவெடுத்த?"
என் முப்பதாவது இஞ்சை நான் சொல்லவில்லை.
"சரி வுடு, வளர்ற புள்ள.
கீழ் மடிப்புல மூணு இஞ்ச் துணி உள்ள வுட்டுருக்கேன்.
வருசத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு வுடு."
மூன்று.
அவள் விரல்விட்டு எண்ணவில்லை.
நானும்.

இந்த ஜூனில் முதல் மடிப்பைப் பிரித்தேன்.
வெளுத்த கவுனின் ஓரத்தில்
வெயில் படாத நீலம், ஓர் இஞ்ச் அகலத்துக்கு.
ஊசி போன துளைகள் வரிசையாக அப்படியே.

அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.
கண்டக்டர் கத்தினார்.
நான் கைபேசியைத் துழாவினேன்.
"எறங்குங்க மிஸ்.
காவாங்கரையிலேர்ந்து நடக்க முடியாது, செம்ம வெயிலு"
என்று எனக்கு முன்னால் எழுந்து
படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

வானம் மூட்டமாக இருந்தது.