மூன்றாம் நகல்

பம்பாய்க் கோட்டையில்
ஒரு கடிதத்துக்கு மூன்று கப்பல்.
முதல் நகல் முதல் கப்பலில்.
அது மூழ்கினால் இருக்கட்டுமென்று இரண்டாவது.
அதையும் எவனாவது மறித்துக்கொண்டால்
மார்ச் கடைசியில் முனகிக்கொண்டு கிளம்பும்
கிழட்டுக் கப்பலில்
என் கையெழுத்து.

மாகிம் பாதிரியிடம்
போர்த்துகீசிய எழுத்துப் பழகியவன் நான்.
ஆங்கிலம் வரையத் தெரியும்,
வாசிக்கப் பாதி.
மாதம் ஆறு செராபின்,
அரக்கு சிந்தினால் அதிலும் பிடித்தம்.

அப்படி என்னதான் எழுதுகிறோம்?
கனம் பொருந்திய துரைமார் சமூகத்துக்கு:
ஆணி வந்தது, பாதி துரு.
கேட்டது காகிதம், வந்தது கம்பளி;
இந்த வெயிலில் அதை வாங்குவாரில்லை.
தென்னைக்கு மீன் உரம் போடக்கூடாதென்று
தண்டோரா போட்டாயிற்று.
நாற்றமும் நிற்கவில்லை, காய்ச்சலும் நிற்கவில்லை.
சென்ற மழையில் எழுத்தர் ஐவர் இறந்தனர்,
வேறு ஐவரை அனுப்பி வைக்கவும்,
கூட்டல் தெரிந்தவர்களாக.

அந்த வருஷம் ஏழாம் பத்தியில்
ஒரு படகு இருந்தது.
மஜ்காவ் துறையிலிருந்து கப்பலுக்குப் போகையில் கவிழ்ந்த படகு.
இழப்பு:
அரிசி பன்னிரண்டு மூட்டை,
நங்கூரம் ஒன்று,
புதுக் கயிறு ஒரு சுருள்.
முற்றுப்புள்ளி.
மேலே மணல் தூவிக் காயவைத்தாயிற்று.

அந்தப் படகில் நான் போயிருக்கிறேன்.
ஜான்யாவுக்குத் துடுப்பு வலிக்கும்போதுதான் தும்மல் வரும்.
வருகிறது என்று தெரிந்தால்
மற்ற மூவரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு
காத்திருப்பார்கள்.
வராமலும் போகும் சில நாள்.
திட்டிக்கொண்டே மறுபடி வலிப்பார்கள்.

ராத்திரி, எண்ணெய் தீர்கிற விளக்கில்,
அந்த முற்றுப்புள்ளிக்கு
ஒரு வால் வைத்தேன்.
காற்புள்ளி ஆயிற்று.
பிறகு எழுதினேன்:
ஜான்யா, பாங்கா, லக்யா, சோம்யா.

யார் பிரிக்கப்போகிறார்கள் மூன்றாம் நகலை?
முதல் இரண்டும் போனால்தானே.

போயின.
ஒன்றைப் பிரெஞ்சுக்காரன் பிடித்தான்.
ஒன்று ஏதோ ஒரு முனையில் பாறையில் பிளந்தது.
மானம் கப்பலேறுகிறது என்பார்களே,
என்னுடையது ஏறி, பத்திரமாக இறங்கியும் விட்டது.

இரண்டாம் வருஷம், மழை ஓய்ந்த மாதத்தில் பதில்.
ஆணி குறித்து வருந்துகிறோம்.
கம்பளியை விற்க மேலும் முயலவும்.
ஏழாம் பத்தி தொடர்பாக:
கயிற்றுக்குப் பின் கண்டுள்ள நான்கும்
என்ன சரக்கு?
எடையில்லை, கொள்முதல் விலையில்லை.
விளக்கம் தேவை.

ஹெல்லியர் துரை மூலப் பேரேட்டைப் புரட்டினார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
விரல்களைப் பார்த்தார்.
வெளியே காகங்கள் காயவைத்த மீனுக்குச் சண்டையிட்டன.
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
நகலெடுத்தவனின் கைப்பிழை.
கயிறு என்பதற்குப் பின்னுள்ள
ஜான்யா, பாங்கா, லக்யா, சோம்யா
என்னும் சொற்களை
நீக்கி வாசிக்கவும்.

இந்த முறை மூன்று நகலும் நீயே எழுது, என்றார்.
தண்டனைதான்.

புது இறகு சீவினேன்.
மூன்று தாள்.
ஒவ்வொன்றிலும் நான்கு பேர்,
துரைமார் பெயருக்குப் போடும் அதே பெரிய சுழியோடு.
அடித்தல் திருத்தல் இல்லை.
மை காயும்வரை மணலைத் தட்டவில்லை.

பொதியை மடியில் வைத்துக்கொண்டு
முதல் கப்பலுக்குப் போனேன்.
துடுப்பில் புது ஆட்கள்.
முன்னால் இருந்தவன் ஜான்யாவின் தம்பி,
மூக்கு அதே மூக்கு.
உப்புத்தண்ணி படாமல் பிடியும், என்றவன்
கொஞ்ச தூரம் போனபின் கேட்டான்,
இதுக்குள்ளே என்னதான் இருக்கு?

ஆணி, என்றேன்.
கம்பளி.
அப்புறம் ஒரு பிழை.