மூன்று வேடத்தில் ஒரு கேள்வி

சாட்ஸ்வொர்த் கிளை. மாடியறை.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றைக் காணோம்.
டர்பனின் ஜனவரி
சட்டைக் காலருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஈமச்சடங்குக் காப்புறுதி விற்க
எனக்கு ஓர் ஆள் வேண்டும்.
நாலு மணிக்குள்
ஜோகன்னஸ்பர்க்குக்குப் பெயர் போயாக வேண்டும்.

தேர்வில் தொண்ணூற்றாறு கேள்விகள்.
"இதில் சரி, தவறு கிடையாது" என்று
முதல் பக்கத்திலேயே பொய் சொல்லிவிடும்.

டேரன் முனுசாமியின் வரைபடம்
மழைக்குப் பிந்தைய கரும்புத் தோட்டம், அத்தனை பச்சை.
உந்துதல் தொண்ணூறு.
தாங்குதிறன் எண்பத்தெட்டு.
பதில்களின் ஒத்திசைவு நூறு.
நூறு வாங்கிய மனிதரை
நான் இதுவரை கண்டதில்லை,
கண்ணாடியிலும்.

கோகிலம் பிள்ளைக்குச் சிவப்புக் கொடி.
பதில்கள் முரண். நம்பகம் குறைவு. பரிந்துரை இல்லை.

இந்தத் தேர்வின் சூது எனக்குத் தெரியும்.
ஒரே கேள்வி மூன்று வேடம் கட்டி வரும்.
பதினேழில்: வேண்டாம் என்றாலும் மீண்டும் போவேன்.
நாற்பத்தெட்டில்: மறுப்பு என்பது பேச்சின் தொடக்கம்.
எண்பத்து மூன்றில்: எதிராளி தயங்கினால் விலகிவிடுவேன்.
அவள் முதலாவதற்கு ஆம் என்றிருந்தாள்,
இரண்டாவதற்கு இல்லை,
மூன்றாவதில் நடுக்கட்டத்தைத் தொட்டு நின்றுவிட்டாள்.

கூப்பிட்டுக் கேட்டேன்.
ஆங்கிலத்தில்தான் பேசினோம்,
"அய்யோ" மட்டும் தமிழில் வந்தது.

"பதினேழில் ஒரு டாக்சிக்காரர் நினைவுக்கு வந்தார்.
நாலு பிள்ளைகள். ஏழு தடவை விரட்டினார்.
எட்டாவது தடவை கையெழுத்துப் போட்டார்.
ஜூலையில் போய்ச் சேர்ந்தார்.
மூன்றாம் நாள் பணம் வீட்டில்.

நாற்பத்தெட்டில் உம்லாசியில் ஓர் அம்மா.
உதவித்தொகை வந்த நாள்.
மேசைமேல் நோட்டுகளைப் பிரித்து வைத்தார்:
இது மாவுக்கு, இது பாரஃபினுக்கு, இது பள்ளிச் செருப்புக்கு.
அப்புறம் வெறும் மேசையைக் காட்டி, வேண்டாம் என்றார்.
நான் பையை மூடிக்கொண்டேன்."

எண்பத்து மூன்று?

கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள்.
"அதில் என் வீடு வந்துவிட்டது.
பதினோரு வருஷமாய் விற்கிறேன்,
எனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை.
போன வாரம் வேறு கம்பெனிப் பையன் ஒருவன் வந்தான்.
தயங்கினேன்.
அவன் போகவேண்டும் என்றும் இருந்தது,
இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றும்."

அவள் படியிறங்கிப் போனபோது மணி மூன்றரை.
படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
மதிப்பெண்ணை மீறித் தேர்ந்தால் காரணம்,
அறுபது எழுத்துக்குள்.

'நேர்மையானவர்' என்று அடித்தேன்.
அழித்தேன். டேரனும் நேர்மையானவனாய் இருக்கலாம்,
யார் கண்டது.
'அனுபவம்.' அதையும் அழித்தேன்.
'ஒரே கேள்விக்கு மூன்று வீடுகளிலிருந்து பதில் சொன்னார்.'
இதை அழிக்கவில்லை.

அனுப்பப் போகும்போது மின்சாரம் போயிற்று.
அட்டவணைப்படி ஆறுக்குத்தான் திரும்பும்.
விசிறி மெல்ல மெல்ல
தன் மூன்று இறக்கைகளையும் காட்டி நின்றது.

கைப்பேசியை எடுத்தேன்.
தலைமையகம் வேண்டாம் என்று சொல்லும்.
சொன்னால்
மறுபடி கூப்பிடுவேனா,
எத்தனை தடவை?

பதினேழாம் கேள்வி.
எண்ணை அழுத்துகிறேன்.
மணி அடிக்கிறது.