டிக்கியில் ஒரு யானை

வெள்ளிக்கிழமை காலை, மங்காஃப் நான்காம் பிளாக்கில்
பூட்டிக் கிடக்கும் சலூனுக்கு முன்னால்
வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறப்பேன்.
ஸ்டெப்னி கிடந்த இடத்தில்
அறுபத்திரண்டு கதைப் புத்தகங்கள்.

மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி லேபில்
பிறர் ரத்தத்தைச் சுழற்றுகிறவள் நான்.
லேபிள் ஒட்டாத எதையும்
கையால் தொட வராது எனக்கு.

அதனால் கதைகளுக்கும் ஒட்டினேன்.
கடிக்கிற வயதுக்குப் பச்சை.
'அப்புறம்?' என்று கேட்கிற வயதுக்கு மஞ்சள்.
ஒன்றும் கேட்காமல் முறைக்கிற வயதுக்கு நீலம்.
சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சிவப்பு.

பச்சைக்குக் கெட்டி அட்டை போதும்,
பக்கத்துக்கு ஒரு மிருகம், ஒரு சத்தம்.
அஸ்வத் ஒரு முதலையின் வாலை
மென்றே தீர்த்துவிட்டான்.
கதை பிடித்திருக்கிறது என்றேன் அவன் அம்மாவிடம்.

மஞ்சளில் கொஞ்சம் பயம் வேண்டும்.
பேய் இல்லாத கிணறு எதுக்கு என்று
ருக்சானா ஒன்றைத் திருப்பியே தந்திருக்கிறாள்.

நீலம்தான் என்னைப் படுத்துகிறது.
ஷெரினுக்குப் பதினான்கு வயது.
தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.
கதையும் எழுத்துக் கூட்டினால் மூடிவிடுவாள்.
'வாக்கியம் சின்னதா, துரோகம் பெருசா
ஏதாவது இருக்கா ஆன்ட்டி?'
இரண்டு வருடமாகத் தேடுகிறேன்.
சிவப்பை மட்டும் கொடுக்காதீங்க என்கிறார் அவள் அப்பா.
எண்ணெய்க் கம்பெனியில் தீயணைப்பு அதிகாரி;
அவருக்குச் சிவப்பென்றால் ஒரே அர்த்தம்.

ஜெபசிங் சாரம் கட்டுகிறவர்.
கேம்ப்பில் மேல் கட்டில், செல்போன் வெளிச்சம்.
'தடியா இருக்கணும், ஒரு மாசம் ஓடணும்,
கடைசியில எவனும் ஊருக்குத் திரும்பக் கூடாது.'

ஆகஸ்டில் ஒரு டபுள் ஷிஃப்ட்.
மூன்று நாள் வண்டி வெயிலில் நின்றது.
ஐம்பது டிகிரி.
டிக்கியைத் திறந்தால் பசை நாற்றம்.
முதுகு விட்ட புத்தகங்கள்,
அட்டையிலிருந்து உரிந்த படங்கள்,
யார் வயது எதுவென்று தெரியாமல்
மூலையில் சுருண்ட லேபிள்கள்.

இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒட்டினேன்.
நாவல்களுக்குப் பக்க எண் உண்டு.
குழந்தைக் கதைகளுக்குக் கிடையாது.
அவற்றில் நேரம் அப்படி ஓடுவதில்லை போல.

செப்டம்பர் கடைசி வெள்ளி, ஜெபசிங் வந்தார்.
'இருநூத்திப் பதினாறு முடிஞ்சதும்,
விவாகரத்துக் கேஸு நடுவுல,
ஒரு யானை குளிக்குது.
எழுதினவன் கெட்டிக்காரன் பாத்துக்கிடுங்க.
ஆனா அதுக்கப்புறம் வருமா வருமான்னு பாத்தேன்,
வரவே இல்ல.'

அந்த யானையின் மிச்சக் கதை இதோ என்று
பச்சைப் புத்தகத்தைக் கொடுத்தேன்.
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.
அஸ்வத் அவர் முழங்காலில் ஏறினான்.

ருக்சானாவுக்கு வேறு சந்தேகம்.
அவளுடைய கிணற்றுப் பேய்க்கு நடுவில்
யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள்.
'அந்தம்மா ஏன் சமையல்கட்டுல
லைட்டை அணைச்சிட்டு நின்னாங்க?'

கரண்ட் போயிருக்கும் என்றேன்.

'அணைச்சாங்கன்னு போட்டிருக்கே.'

லேபில் எனக்குப் பதில் வராத நாள் இல்லை.
எண்ணாக வரும், பாசிட்டிவ் நெகட்டிவாக வரும்.
இங்கே டிக்கி மூடியைப் பிடித்தபடி நின்றேன்.

போனிலிருந்து தலை நிமிராமலே
ஷெரின் சொன்னாள்:
'அழுறது தெரியக் கூடாதுல்ல.'

அவள் அப்பா எதிர்க் கடையில்
குப்பூஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.
ஜெபசிங் திருப்பித் தந்த நாவலை எடுத்து,
ருக்சானாவின் பக்கத்தைச் செருகி, நீட்டினேன்.
'யானையை எடுத்துடவா?'

'இருக்கட்டும்.'

நடைபாதையில் ஜெபசிங் பக்கம் திருப்பினார்.
படம் உரிந்த பழுப்பு அட்டை.
அவர் என்னைப் பார்த்தார்.
அஸ்வத் அட்டையையே பார்த்து
சரியான இடத்தில் பிளிறினான்.