நாரினுக்கு மேலே நான்கு ஜிபி

செவ்வாய் அதிகாலை இரண்டு பத்துக்குப் பிறகு
ஏரி எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கும்.
எழுதிக்கொள்ளத்தான் இடமில்லை.

பனியாற்றின் காலடியில், தகரக் கூண்டுக்குள்,
சோப்புப் பெட்டி அளவில் ஒரு லினக்ஸ் கணினி.
வட்டு நான்கு ஜிபி. நிரம்பியது நூறு சதவீதம்.
கீழே நாரின் நகரில், மூன்றாவது மாடியில்,
பெர்மெத் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறாள்.
ஹீட்டர்மேல் பூட்ஸ் காய்கிறது.
செயற்கைக்கோள் வழியே ஓர் எழுத்து அடித்தால்
ஒரு வாய் தேநீர் குடித்த பிறகே திரையில் முளைக்கிறது.
அதனால் பிழையில்லாமல் அடிக்கிறாள்,
தந்திக்குக் காசு எண்ணுகிறவளைப் போல.

முதலில் பழைய கெர்னல்கள்:
ஆட்சி போயும் அரண்மனையைக் காலிசெய்யாத
நான்கு ராஜாக்கள்.
ஒருவனை மட்டும் விட்டுவைக்கிறாள்.
இருப்பவன் விழுந்தால்
மலையேற இரண்டு நாள் ஆகும்.

நிறுவி முடித்தும் எறியாத பொதிகள்,
தின்று தீர்த்த பின்னும் அடுக்கிவைத்த பார்சல் டப்பாக்கள்.
பிரிண்டர் டிரைவர்கள்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
யாருக்கு அச்சடித்துத் தர?

அடுத்து மொழிகள்.
கிர்கிஸ், ரஷ்யன், ஆங்கிலம் இருக்கட்டும்.
மற்றதெல்லாம் ஒரே வரியில்.
(அந்த வரிசையில், தெலுங்குக்குச் சற்று முன்னால்,
இரண்டெழுத்துக் கோப்புறை ஒன்றும் போயிற்று.
'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நம் மொழியில் சொல்ல
அந்த மலையில் இனி யாருமில்லை.
எனக்குக் கோபமில்லை.
சும்மா சொல்லிவைத்தேன்.)

இந்நேரம் அறுபத்து மூன்றுக்கு வந்திருக்க வேண்டும்.
தொண்ணூற்றெட்டு என்கிறது.
கோப்புகளைக் கூட்டினால் இரண்டரை ஜிபிதான்.
மீதியைத் தின்றது எது?

சூயும்பெக்கை அழைக்கிறாள். நிலையத்தை அமைத்தவன்.
இப்போது யெகாதெரின்பூர்க்கில் ஒரு கிடங்கில் இரவுப் பணி.
அவன் குரலுக்குப் பின்னால் லாரி ஒன்று பீப் பீப்பென்று பின்வாங்குகிறது.

"பெரிய லாக் ஒன்று இருக்குமே."
"மதியமே அழித்துவிட்டேன்."
"பெயரைத்தான் அழித்திருக்கிறாய்.
திறந்த புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.
அது விடாதவரை இடம் வராது."

லாரி நின்றுவிட்டது போல.
"என் வீட்டுச் சாவி உன்னிடம்தானே?"
"இருக்கிறது. எதற்கு?"
"ஒன்றுமில்லை."
மறுபடி பீப்.

பிடித்திருப்பதன் எண்ணைத் தேடி எடுத்து
நிறுத்தச் சொல்கிறாள்.
ஒரு வாய். இன்னொரு வாய். ஆறிப்போன தேநீர்.
அறுபத்து மூன்று.

விடுபட்ட நாற்பத்திரண்டு மணி நேரம் போனது போனதுதான்.
அதற்கு முந்தைய கடைசி வரியில்
நீர்மட்டம் இரண்டு மீட்டர் அறுபது.
இப்போது எழுதுகிற முதல் வரியில்
இரண்டு தொண்ணூற்றொன்று.

பெர்மெத் அந்த எண்ணை இரண்டாம் முறை படிக்கவில்லை.
பூட்ஸைத் தொட்டுப் பார்க்கிறாள்.
உள்ளே இன்னும் ஈரம்.
போட்டுக்கொள்கிறாள்.